ஜட்ஜு போட்ட நாலு ஸ்டார்

இல்ல தம்பி, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. சொந்தக்காரனும் இல்ல, சிநேகிதனும் இல்ல. எனக்கு அவன் மேல கோவம். சும்மா வந்துட்டுப் போற கோவம் இல்ல, இருபத்தஞ்சு வருஷமா வச்சுக் காப்பாத்துற கோவம். ஒரு நாள் கூட அத வாட விட்டதில்ல. அவனத்தான் இப்ப நேர்ல பாக்கப் போறேன். முகத்துக்கு நேரா நின்னு ஒரு கேள்வி கேக்கணும், அதுக்குத்தான் டாக்ஸி. மகன் பஸ்ல போங்கப்பான்னான். அவ்வளவு தூரம் பஸ்ல நின்னுக்கிட்டு வந்தா கோவம் எங்க இருக்கும்? கால்வலிதான் இருக்கும்.

அந்த மேப்பு என்ன சொல்லுது? இன்னும் முக்கால் மணி நேரமா? சரி சரி. மெதுவாவே போங்க, அவன் எங்கயும் ஓடிப்போக மாட்டான். இப்ப ஓட முடியாது அவனால.

சீட்டத் தடவுறேனா? அட, பழக்கம் தம்பி. நான் சோபா தைக்கிறவன். எங்க உக்காந்தாலும் கை தானா அடியில போய்த் தையலத் தேடும். இந்தக் கவர் வண்டியோட வந்ததா, நீங்க போட்டதா? ம். ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. கொற சொல்ற வேலை என்னுது இல்ல. அதுக்குன்னு பொறந்தவன் ஒருத்தன் இருக்கான், அவனத்தான் பாக்கப் போறோம். அவன் பேரு ஜட்ஜு.

ஐயையோ, நிஜ ஜட்ஜு இல்லைங்க. கோர்ட்டுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பட்டறையில வச்ச பேரு. நாங்க வேலை பாத்தது ஒரு பெரிய ஷெட்டு. உள்ள நொழஞ்சா காலத் தூக்கிக்கிட்டுக் கவுந்து கெடக்கும் சோபா எல்லாம். மொத நாள் வேலைக்கு வர்றவன முதலாளி மேலயும் கீழயும் பாத்து ஒரு பேரு வைப்பாரு. அதோட சரி, அம்மா அப்பா வச்ச பேரு காலி. நான் டேப்பு எடுக்காம முழங்கையால துணி அளந்தேன்னு எனக்கு முழம்னு பேரு. வாயே தொறக்காத ஒருத்தனுக்கு ரேடியோ. கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணாத ஒருத்தன் மாப்பிள்ளை. இவன் ஜட்ஜு.

ஏன்னா, ஒரு சோபா முடிஞ்சுதுன்னு வைங்க, இவன் போய் அதுல உக்காருவான். கண்ண மூடிக்குவான். கொஞ்சம் ஆடிப் பாப்பான். நாங்க எல்லாரும் கையக் கட்டிட்டு நிப்போம். முதலாளியும்தான் நிப்பாரு. அப்புறம் கண்ணத் தொறந்து, செல்லாதுன்னுவான். அவ்வளவுதான், மேல் முறையீடு கெடையாது. ஆணிய எல்லாம் புடுங்கி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

நானும் அவனும் ஒரே பெஞ்சு. சோபா வேலையில துணிய இழுத்துப் புடிக்க ஒருத்தன், ஆணி அடிக்க ஒருத்தன். நான் இழுப்பேன், அவன் அடிப்பான். ஆணிய எல்லாம் வாயில கவ்வியிருப்பான், ஒண்ணு ஒண்ணா நாக்கால தள்ளித் தள்ளி எடுத்து அடிப்பான். அதனால வாயில ஆணி இருக்குற வரைக்கும் நான் பேசலாம். அவனால பதில் சொல்ல முடியாது, ம் ம்னு முறைப்பான். ஆணி தீந்துதா, அவன் ஆரம்பிப்பான். நான் துணிய விட முடியாது, கேட்டுத்தான் ஆகணும். இப்படியே இருபது வருஷம். எங்க வீட்டுக்காரிகிட்ட கூட நான் இவ்வளவு நேரம் பேசுனதில்ல. அவ வாயில ஆணி இருக்காது பாருங்க.

சிரிக்காதீங்க, ரோட்டப் பாருங்க.

கோவம் என்னன்னா... சொல்றேன். பட்டறைக்கு வேலை கொறஞ்சுது. ரெண்டு பேரும் தனியாக் கடை போடலாம்னு முடிவு பண்ணோம். யோசனை அவனோடது. அத நல்லா மனசுல வச்சுக்குங்க, யோசனை அவனோடது. எடம் பாத்தோம், சுண்ணாம்பு அடிச்சோம். பெயிண்டரக் கூப்பிட்டு போர்டு எழுதுனோம். முழம் அண்டு ஜட்ஜ், சோபா ரிப்பேர், புதுசும் செஞ்சு தரப்படும். எழுத்து சாஞ்சிருக்குன்னு அதையும் ஒரு தடவ அழிச்சு எழுத வச்சான். திறப்புக்கு நாள் வச்சாச்சு. அன்னிக்குக் காலையில நான் புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு ஷட்டரப் பாதி தூக்கி வச்சுட்டு நிக்கிறேன். பாதி ஏன்னா, மீதிய ரெண்டு பேருமாத் தூக்கணும்னு பேச்சு.

வரல தம்பி.

காலையில வரல, மத்தியானம் வரல. வாங்கி வச்ச டீ ஆறி ஆடை கட்டிடுச்சு. பக்கத்துக் கடைக்காரங்க வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போனேன், பூட்டு. அடுத்த வாரம் யாரோ வந்து சாமானெல்லாம் ஏத்திட்டுப் போயிட்டாங்களாம். எங்க போனான், என்ன ஆனான், ஒண்ணும் தெரியல. வீட்டுக்காரி சொன்னா, நாலு பேரக் கேட்டுப் பாருங்கன்னு. நான் எதுக்குக் கேக்கணும்? விட்டுட்டுப் போனவன் அவன். என்னத் தேடிக்கிட்டு அவன் வரட்டும். வரலைன்னா அவன் எனக்கு இல்ல. அன்னிக்குப் போட்ட முடிச்சு.

போர்டா? மாத்தல. பெயிண்டரக் கூப்பிடணும், கூப்பிடணும்னு... அப்படியே போயிடுச்சு. கடைக்கு வர்றவங்க எல்லாம் போர்டப் பாத்துட்டு, நீங்க முழமா ஜட்ஜாம்பாங்க. முழம்னுவேன். ஜட்ஜு எங்கம்பாங்க. லீவுன்னுவேன். இப்படியே ஒரு மனுஷனுக்கு நான் வருஷக் கணக்கா லீவு குடுத்திருக்கேன். அப்புறம் என் முதுகும் போச்சு, கடைய மூடிட்டேன்.

நேராப் போகச் சொல்லுதா, மேம்பாலத்துல ஏறச் சொல்லுதா? ஏறுங்க ஏறுங்க. மேப்புல பேசுற அந்தப் பொண்ணு சொன்னா கேட்டுடணும். நம்ம கிட்ட கோவிச்சுக்கவே மாட்டா பாருங்க, தப்பாப் போனாலும் சரி, திரும்புன்னுதான் சொல்லுவா. எனக்கு அது ஒரு பெரிய ஆச்சரியம்.

மருமகதான் எனக்கு இந்த போனக் குடுத்தா. மாமா, எழுதக் கூட வேணாம், வாயால கேளுங்க, தேடிக் குடுக்கும்னா. நான் அஞ்சாங்கிளாசு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள அந்த வெளிச்சம் அணைஞ்சு போயிடும். ஆனா அதுவே படிச்சும் சொல்லுதுன்னா. அப்புறம் என்ன? மத்தவங்க சினிமாப் பாட்டு கேப்பாங்க, சமையல் கேப்பாங்க. நான் மொதல்ல என் விரோதிங்களத் தேடுனேன்.

ஏன், உங்களுக்கு யாரும் இல்லையா? நல்லவரா இருக்கீங்க. எனக்கு ஒரு வரிசையே இருந்துச்சு. மொதல்ல முதலாளி. பேரு ஊரெல்லாம் தெரிஞ்சது, உடனே வந்துடுச்சு. கண்ணீர் அஞ்சலி, போட்டோவோட. எங்களப் பாத்து ஒரு நாளும் சிரிக்காத மனுஷன், அதுல பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு இருக்காரு. சரி போங்கய்யா, விட்டுட்டேன்னு சொல்லி ஒண்ண எறக்கி வச்சேன்.

அடுத்தது ஒரு டாக்டரம்மா. நான் ராப்பகலாத் தைச்சுக் குடுத்த சோபாவக் கலர் சரியில்லன்னு முகத்தச் சுளிச்சவங்க. அந்தம்மாவத் தேடுனா என்ன வருது தெரியுமா? பழைய சாமான் விக்கிற எடத்துல என் சோபா! போட்டோவோட! அதிகம் பயன்படுத்தாததுன்னு எழுதியிருக்கு. அதிகம் பயன்படுத்தாததா? அந்தக் குடும்பமே அதுல படுத்து எந்திரிச்சிருக்கு, ஒரு ஸ்பிரிங்கு கூட எறங்கல. மருமகளக் கூப்பிட்டுக் காட்டுனேன், பாரும்மா மாமா வேலையன்னு. அந்தக் கோவமும் போயிடுச்சு. பெருமையா ஆயிடுச்சு.

இப்படி ஒவ்வொருத்தரா முடிச்சுட்டு, கடைசியா ஜட்ஜுகிட்ட வந்தேன். போனக் கிட்டக்க வச்சுக்கிட்டு, ஜட்ஜுன்னேன். உலகத்துல உள்ள கோர்ட்டெல்லாம் வருது தம்பி. வழுக்கைத் தலை, கண்ணாடி, கருப்புக் கோட்டு. சரி, சோபா ஜட்ஜுன்னேன். ஏதோ கோர்ட்டுக்கு நாற்காலி வேணுமாம், டெண்டர் வருது. எங்கயோ வெரல் பட்டு ஒரு ஆபீசுக்கு போனே போயிடுச்சு. ஒரு அம்மா எடுத்து, என்ன கேசுன்னாங்க. இருபத்தஞ்சு வருஷத்துக் கேசும்மான்னேன். நம்பர் சொல்லுங்கன்னாங்க. வச்சுட்டேன்.

மருமக சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்புறம் கேட்டா, அவர் நிஜப் பேரு என்ன மாமான்னு.

எனக்குத் தெரியல.

சத்தியமாத் தெரியல. பட்டறையில யாருக்கும் யாரோட பேரும் தெரியாது. அவனுக்கும் என் பேரு தெரியாது. இருபது வருஷம் அவன் மூச்சுக்காத்து என் கையில பட்டிருக்கு, அவன் அம்மா என்ன வியாதியில போனாங்க, அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், எல்லாம் தெரியும். பேரு தெரியாது. வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டா. நல்ல சிநேகிதம்னா. சிநேகிதம் இல்ல, விரோதம்னேன். விரோதிக்காவது பேரு வேணாமான்னா.

அப்போ விட்டுட்டேன். பேரு இல்லாதவன எந்த மெஷின் தேடும்?

அப்புறம் என் கண்ணுல புரை. நல்ல ஆஸ்பத்திரி எதுன்னு மருமக போன்ல பாத்துக்கிட்டிருந்தா. இப்ப நாம போற ஊர்லதான், அந்தக் கண்ணாஸ்பத்திரி. அதுக்குக் கீழ, அங்க போயிட்டு வந்தவங்க எல்லாம் நல்லது கெட்டது எழுதியிருக்காங்க. அவ அத ஒவ்வொண்ணாப் படிக்க விட்டா. போன்ல இருக்குற அந்தப் பொண்ணு படிக்குது. டாக்டர் ரொம்ப அன்பானவர், அஞ்சு ஸ்டார். நர்சு நல்லாப் பாத்துக்கிட்டாங்க, அஞ்சு ஸ்டார். அடுத்தது, அதே கொரல்ல, ஒரு ஏத்த எறக்கம் இல்லாமப் படிக்குது பாருங்க... வராண்டா பெஞ்சுல ஃபோம் பழசு, பேருக்கு மேல ஒரு ரெக்சின் போத்தியிருக்கான், மூலையில மூணு மடிப்பு வச்சிருக்கான் மடையன், ரெண்டு மடிப்புதான் வைக்கணும், இதுல உக்கார வச்சுட்டுக் கண்ணுக்கு மட்டும் மருந்து ஊத்தி என்ன பிரயோஜனம், செல்லாது, இரும்மா இரும்மா அண்ணாந்து பாக்குறேன் ஊத்து, ஒரு ஸ்டார்.

நான் சாப்புட்டுக்கிட்டிருந்தேன். தட்ட அப்படியே வச்சுட்டேன்.

கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு, டாக்டரப் பத்தி ஒரு வார்த்தை இல்லாம, பெஞ்சோட மூலை மடிப்பப் பத்தி எழுதுறவன் உலகத்துல எத்தன பேரு இருப்பான் சொல்லுங்க? செல்லாது வேற! மருமககிட்ட, இவன்தாம்மான்னேன். எவன் மாமாங்கிறா.

அவன் பக்கத்துல சின்னதா ஒரு வட்டப் படம் இருந்துச்சு. மூஞ்சி இல்ல, ஒரு நாற்காலியோட அடிப்பாகம். அதத் தொட்டா, அவன் எங்கெங்க போய் என்னென்ன எழுதுனானோ எல்லாம் வருது. பேரும் வந்துச்சு. இல்ல, அந்தப் பேரச் சொல்ல மாட்டேன். எனக்குப் புடிக்கல. அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தல. வேற யாரோட சட்டையோ போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு.

மருமக, பழசுலேர்ந்து கேக்கலாம் மாமான்னு அடியில போயிட்டா. சாயந்திரம் முழுக்க அதான் வேலை. வீட்டுக்காரி கூட காய் நறுக்குறத விட்டுட்டு வந்து உக்காந்துட்டா. போகாத எடம் இல்ல அவன். போன எடத்துல எல்லாம் உக்கார்ற எடத்தப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கான். சினிமா தியேட்டரா? படம் என்னன்னே இல்ல, சீட்டு முன்னாடி சரியுது, ஒரு ஸ்டார். முடி வெட்டுற கடையா? நாற்காலி சுத்தும்போது முனகுது, எண்ணெய் விடச் சொன்னேன், விட்டான், ரெண்டு ஸ்டார். பேங்குல, காத்திருக்குற எடத்துல சோபா நல்லா இருக்கு, எந்திரிக்க மனசு வரல, ஆனா எந்திரிக்கச் சொல்லிட்டாங்க, மூணு ஸ்டார்.

அவனுக்கும் எழுத்து அவ்வளவுதான், என்ன மாதிரி. வாயாலதான் போன்ல சொல்றான். சொல்லி முடிச்சுட்டு நிறுத்தணும்ல? நிறுத்த மாட்டான். பக்கத்துல யாருகிட்ட என்ன பேசுறானோ அதுவும் சேந்து விழுந்துடுது. சீட்டு சரியில்ல, ஏம்பா கொஞ்சம் தள்ளி நில்லு, ஒரு ஸ்டார். முதுகுப் பக்கம் கெட்டி, எனக்குச் சக்கரை வேணாம், ரெண்டு ஸ்டார். அத வச்சுத்தான் எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுது. சக்கரை வந்திருக்கு. முட்டி போயிருக்கு. யாரோ கையப் புடிச்சுப் படி எறக்கி விடுறாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு. ஒருத்தரையும் பேரு சொல்லிக் கூப்பிடல. தம்பிம்பான், அம்மாம்பான், அவ்வளவுதான்.

வீட்டுக்காரிதான் அதக் கவனிச்சா. நான் கவனிக்கல. நான் தீர்ப்ப ரசிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்துச்சு. முட்டியக் காட்டப் போயிருக்கான் போல. அந்தப் பொண்ணு படிக்குது... இந்த வார்டு வாசல்ல உள்ள பெஞ்சு அதே பெஞ்சுதான், இருபத்தஞ்சு வருஷம் முன்ன என் வீட்டுக்காரியச் சேத்தப்பவும் இதேதான், ஒரு கடை தெறக்க இருந்த அன்னிக்கு விடியக்காலம் தூக்கிட்டு வந்தேன், மூணு மாசம் இதுலதான் படுத்தேன், அவ வீட்டுக்கு வரல, பெஞ்ச இன்னும் மாத்தல, ஒரு ஸ்டார்.

...

பச்சை விழுந்துடுச்சு தம்பி. பின்னாடி ஹாரன் அடிக்கிறான், போங்க.

என்ன பண்ணேனா? மறுபடி ஒரு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பொண்ணு அதே மாதிரிதான் படிச்சுது. வீட்டுக்காரி எந்திரிச்சு உள்ள போயிட்டா.

ஆனா ஒண்ணு சொல்றேன். நியாயத்தப் பேசுவோம். அவ்வளவு கஷ்டம்னா, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்ல? என் கடைக்கு எதிர்த்தாப்புல மருந்துக்கடை. அதுல போன் இருந்துச்சு, நம்பர் அவனுக்கே தெரியும், போர்டுல போடலாமான்னு வாங்கி வச்சிருந்தான். நான் போயிருக்க மாட்டேனா? அந்த பெஞ்சுல அவன் தலைமாட்டுல நான் உக்காந்திருக்க மாட்டேனா? அதான் எனக்குக் கோவம். முன்ன இருந்தது வேற கோவம். அத எறக்குன எடத்துலயே இது ஏறி உக்காந்துக்கிச்சு. இது புதுசு, நல்லாச் சூடா இருக்கு.

அது மட்டும்னா கூட விட்டிருப்பேன். அடுத்தது என்ன வந்துச்சு தெரியுமா? என் கடை!

ஆமா தம்பி, என் கடையேதான்! மேப்புல அதுவும் இருக்கு. யாரு போட்டாங்களோ, நிரந்தரமாக மூடப்பட்டதுன்னு செவப்புல எழுதியிருக்கு. அதுக்கு ஒரே ஒரு ஆளு எழுதியிருக்கான். இவன்தான். வந்திருக்கான் பாருங்க! நான் மூடிக் கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும். எழுதியிருக்கான்... ஷட்டர் எறக்கியிருக்கு, போர்டுல பேரு அப்படியே இருக்கு, வாசல்ல ஒரு பழைய ஒத்தை சோபா போட்டிருக்கான், உக்காந்து பாத்தேன், மூலையில ரெண்டு மடிப்பு, சரியாத்தான் இழுத்திருக்கான், ஆணி அடிச்சவன்தான் எவனோ கத்துக்குட்டி, சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்தேன், ஆள் வரல, வண்டி வந்துடுச்சு இருப்பா வர்றேன் கைய விடு, நாலு ஸ்டார்.

ஆள் வரலையாம்! யாரு யாரச் சொல்றது? கேட்டீங்களா நியாயத்த?

எதிர்த்த மருந்துக்கடையில ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் வீட்டக் காட்டியிருப்பாங்க. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. கேக்க மாட்டான். அவன் எதுக்குக் கேப்பான், பெரிய ஜட்ஜு. உக்காந்தே தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டான். அந்த ஆணி அடிச்சவன் கத்துக்குட்டி இல்ல தம்பி, நான்தான் அடிச்சேன். ஒருத்தனே இழுத்து ஒருத்தனே அடிச்சா அப்படித்தான் இருக்கும். இழுக்குறவன் கையால அடிச்ச ஆணி அது. இதுக்கு ஒரு ஸ்டாரக் கொறைக்கலாமா? அதத்தான் கேக்கப் போறேன். அந்த ஒரு ஸ்டார் எங்கடான்னு.

அட, நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

இருக்குற எடம் எப்படித் தெரிஞ்சுதுன்னா, அதுக்கும் அவனே எழுதியிருந்தான். முதியோர் இல்லம். அதுக்கு அவன் போட்டது என்னன்னு சொல்லுங்க பாப்போம். ஒண்ணு இல்ல, ரெண்டு. இங்க சோபான்னு ஒண்ணு கெடையாது, எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி, அத வரிசையா டிவியப் பாத்துப் போட்டிருக்காங்க, ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது, பேசணும்னா கழுத்துதான் வலிக்குது, மாத்திரை குடுக்குற பொண்ணு மட்டும் சிரிச்சுப் பேசுது, அதுக்காக ஒரு ஸ்டார் கூட, இதோ வர்றேம்மா மணி அடிச்சுட்டாங்க, ரெண்டு ஸ்டார்.

அதுக்கப்புறம் அந்தக் கண்ணாஸ்பத்திரி. அப்புறம் ஒண்ணும் இல்ல. பல மாசமா ஒண்ணும் இல்ல. எனக்குத் திக்குன்னுச்சு. ஒரு இடத்துல போய் உக்காந்துட்டு வாய மூடிட்டு வர்றவனா அவன்? முதலாளியோட அந்தச் சிரிச்ச போட்டோ ஞாபகம் வந்துடுச்சு எனக்கு. இத்தன வருஷக் கோவத்த யாருகிட்டக் கொண்டுபோய்க் குடுக்குறது?

மருமக அந்த இல்லத்து நம்பரத் தேடி எடுத்துப் போட்டுக் குடுத்தா. ஒரு பொண்ணு எடுத்துச்சு. யாரு வேணும்னுச்சு. அந்தப் பேரச் சொல்லணும். எனக்கு வாயில வரல தம்பி, புது மனுஷன விசாரிக்கிற மாதிரி இருந்துச்சு. கடைசில, ஏம்மா, அங்க நாற்காலியப் பத்தியே கொற சொல்லிக்கிட்டு ஒருத்தன் இருக்கானா, உயிரோடன்னு கேட்டேன். பாருங்க, அந்தப் பொண்ணு அப்படி ஒரு சிரிப்பு. ஐயோ அவரா, இருக்காரே, செல்போனப் பக்கெட்டுத் தண்ணியில போட்டுட்டாரு, அதுலேர்ந்து எங்க காதுலதான் எல்லாத்தையும் சொல்றாருன்னுச்சு. மாத்திரை குடுக்குற பொண்ணு அதான்.

நான் போன மருமக கையில குடுத்துட்டு, போய் மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நீங்க அவருக்கு என்ன வேணும்னு. இவரப் பாக்க இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லையே, நீங்க யாருன்னு. விரோதின்னு சொன்னா உள்ள விடுவாங்களா? அண்ணன்னு சொல்லிட்டேன். அவன் என்ன விட ரெண்டு வயசு மூத்தவன், இருந்தாலும் சொல்லிட்டேன். இதுலயாவது அவன் எனக்குக் கீழ இருக்கட்டும்.

இதானா தெரு? வலது பக்கமா? மெதுவா, மெதுவா. அந்த நீலக் கேட்டு. ஆமா, மேப்புல பாத்த அதே கேட்டுதான், பக்கத்துல மரம் கூட அப்படியே இருக்கு. மருமக இந்தத் தெருவ எனக்கு போன்லயே நடந்து காட்டிட்டா.

ஓரமா நிறுத்துங்க. ஒரு நிமிஷம் இருங்க, சட்டையச் சரி பண்ணிக்கிறேன்.

தெரியும், தெரியும், நான் வர்றது அவனுக்குத் தெரியும். நேத்து அந்தப் பொண்ணுகிட்ட, முழம் வர்றான்னு போய்ச் சொல்லும்மான்னேன். போயிட்டு வந்து சொல்லுச்சு. வர்றவன் சும்மா வர வேணாம், உக்கார்ற மாதிரி நல்ல நாற்காலி ஒண்ணு எடுத்துக்கிட்டு வரச் சொல்லுன்னாராம். திமிரப் பாத்தீங்களா!

இல்ல தம்பி, கொண்டு வரல. டிக்கியில ஒண்ணும் இல்ல, காலியாத்தான் இருக்கு. நாற்காலிய நான் எதுக்கு இங்க கொண்டு வரணும்? உக்கார நல்ல எடம் கெடச்சா அப்புறம் இங்கயே இருந்துடுவான்ல.

வீட்டுல முன் ரூம காலி பண்ணியாச்சு. வீட்டுக்காரிதான் சொன்னா, கோவத்த ரெண்டு பேரும் அங்க வச்சுப் பேசிக்குங்க, கதவ மட்டும் சாத்திக்குங்கன்னு. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லி வச்சாச்சு, ஒரே ஒரு பெட்டிதானாம். அவன்கிட்டதான் இன்னும் சொல்லல. நீங்க இங்கயே வெயிட்டிங்க போட்டுக்குங்க, போகும்போது ரெண்டு பேரு. முன் சீட்ட நல்லாப் பின்னாடி தள்ளி வையுங்க, அவன் காலு மடங்காது. வந்து உக்காந்த உடனே உங்க சீட்டப் பத்தி ஏதாவது சொல்லுவான், நீங்க மனசுல வச்சுக்காதீங்க.

நான் போய் மொதல்ல நல்லாத் திட்டிட்டு, கூட்டிட்டு வந்துடறேன்.